முதல் சம்பளத்திலேயே முதுமைக்கும் ஒரு பங்கு



தபால் துறையிலும் இரயில்வேயிலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, "வாப்பாவுக்கு வந்த பென்ஷன் நமக்கும் வரும்" என்று இருந்துவிடாதீர்கள். 2004 முதல் மத்திய அரசில் சேர்வோருக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் நீங்கள் போடுகிறீர்கள். 14 சதவீதம் அரசு போடுகிறது. ஆனால் பென்ஷன் இவ்வளவு என்ற உறுதி இல்லை. உறுதி வேண்டுவோர் சேர்ந்த 30 நாளுக்குள் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் பாதிச் சம்பளம் கிடைக்க 25 ஆண்டு பணி வேண்டும்.

பலருக்கும் கொடுத்துப் பழகிய ஒரு பெரியவர், ஓய்வுபெற்றபின் கண் சிகிச்சைக்கு உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார். நாங்கள் கலங்கிப்போனோம்.

யூசுஃப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளிலேயே பஞ்சத்துக்குத் தானியம் சேமிக்கச் சொன்னார்கள். தவணையில் பைக் எடுக்கும் முன் முதல் சம்பளத்திலேயே ஒரு பங்கை ஒதுக்குங்கள். முதுமையிலும் கொடுக்கும் கையாகவே அல்லாஹ் உங்களை ஆக்கிவைப்பானாக. ஆமீன்.