ஒரு துளிக் கசிவு

மோட்டார் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகளைக் கண்டால், "குறைந்ததை ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். பணிமனையில் மாணவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் நான் இச்சொல்லை அடிக்கடி கேட்பதுண்டு. துளி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேட்பவனே அதனை நிறுத்த வல்லவன். பவர் ஸ்டீயரிங் குழாயின் இணைப்பில் தோன்றும் கசிவைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

கனத்த வண்டியின் முன்சக்கரங்களைக் கைவலிமையால் மட்டும் திருப்புவது கடினம். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெயின் அழுத்தத்தை அதற்குத் துணையாக்கி, 1926இல் பியர்ஸ்-ஆரோ வண்டியொன்றில் ஓட்டிக் காட்டினார். 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் அதனைத் தன் இம்பீரியல் கார்களில் அமைத்து விற்பனைக்குக் கொணர்ந்தது. இக்காலப் புதிய கார்கள் பலவற்றில் மின்மோட்டார் அவ்வேலையைச் செய்கிறது. எனினும் பழைய கார்களிலும், லாரிகளிலும், பஸ்களிலும் எண்ணெய் முறையைக் காணலாம்.

என்ஜினால் சுழலும் பம்பு, எண்ணெயை ஒரு குழாய் வழியே ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே அது பிஸ்டனைத் தள்ளிவிட்டு, மற்றொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. திரும்பும் குழாயில் அழுத்தம் குறைவு. அனுப்பும் குழாயிலோ, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது, சதுர அங்குலத்திற்கு 1000 பவுண்டுக்கு மேலும் ஏறும். கார் டயரிலுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 பவுண்டுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். அடைபட்ட நீர்மத்தின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். ஆகவே, மயிரிழை இடுக்கு இருப்பினும் எண்ணெய் அவ்வழியே வெளியேறும்.

அவ்வளவு அழுத்தத்தைத் தடுத்து நிற்பது எது? பல வண்டிகளில் அது ஒரு சிறு ரப்பர் வளையமே. நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பார் 1939இல் இவ்வகை வளையத்திற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். எண்ணெயின் அழுத்தமே வளையத்தை இடுக்கில் நெருக்கி வழியை அடைத்துவிடுகிறது. நட்டின் வேலை குழாயைப் பிடித்து நிறுத்துவது. கசிவைத் தடுப்பது வளையத்தின் வேலை. வெப்பத்தால் வளையம் இறுகி வெடித்தபின், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, மரைதான் கெடும். சில வண்டிகளில் நட்டைச் சரியாக முறுக்கிய பின்னும் குழாய் சற்றுச் சுழலும். அது குறையன்று; அமைப்பே அவ்வாறானது.

மாணவன் ஒருவன், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் கசியும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க முனைந்தான். உடனே அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். உயர் அழுத்தத்தில் பீறிடும் மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்புகக்கூடும். காயம் ஊசிக்குத்துப்போலத் தோன்றினாலும், அது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய ஆபத்தாகும். சூடேறிய புகைக்குழாயின்மேல் எண்ணெய் சிந்தினால் தீப்பற்றவும் கூடும்.

செய்யவேண்டிய முறை இதுவே. என்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். இணைப்பைச் சுற்றி நன்கு துடைத்துவிட்டு, சிறிது ஓட்டி, மீண்டும் நிறுத்திப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியுமாதலால், நனைந்த இடங்களுள் மிக உயரத்தில் இருப்பதே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். நட்டின் முனை மழுங்காத அளவான ஸ்பானரால் அதனைக் கழற்றி, அவ்வண்டிக்குரிய புதிய வளையத்தை எண்ணெய் தடவிப் பொருத்துங்கள். முதலில் கையால் மரையேற்றி, பின்னர் வண்டியின் கைப்புத்தகம் கூறும் அளவுக்கே முறுக்குங்கள். குழாயே வெடித்திருந்தால் குழாயை மாற்றுவதே வழி. குறிப்பிட்ட எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும். முன்சக்கரங்களைத் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பினால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

எண்ணெய் முழுதும் வடிந்தால் சக்கரங்கள் திரும்பாமற் போவதில்லை. ஆனால் ஸ்டீயரிங் திடீரெனக் கனத்துவிடும். மலைப்பாதையின் வளைவில் ஓட்டுநருக்கு அந்த ஒரு நொடி எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். சில ரூபாய் பெறும் வளையத்தை மாற்றாமல், நாள்தோறும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பது சிக்கனமன்று. கசிவைக் கண்டதும் ஸ்பானரைத் தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள்.