அளவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லட்டும்

(அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வகத்தில் மாணவர் எடுத்த அளவீடு சரிதானா என்று எப்படிப் பார்க்கிறோம்? பெரும்பாலும் புத்தகத்தில் உள்ள விடையோடு ஒப்பிடுகிறோம். விடையே தெரியாத புதிய பொருளை அளப்பவர்கள் என்ன செய்வார்கள்? ரியாலஜி எனப்படும் பாய்வியல் துறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சப்பாத்தி மாவை வேகமாக இழுத்து விட்டால் சற்றுச் சுருங்கும். உருட்டி வைத்தால் மெல்லப் பரவும். ரப்பரின் மீட்சித்தன்மையும் தேனின் பாகுத்தன்மையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இத்தகைய பொருளை ரியோமீட்டர் என்னும் கருவியின் இரு தட்டுகளுக்கிடையே வைத்து, முன்னும் பின்னுமாக அசைப்பார்கள். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரண்டு எண்கள் கிடைக்கும். பொருள் சேமித்துத் திருப்பித் தரும் ஆற்றலைக் காட்டுவது சேமிப்புக் குணகம்; வெப்பமாக இழப்பதைக் காட்டுவது இழப்புக் குணகம்.

இந்த இரண்டும் தனித்தனியானவை அல்ல. விளைவு ஒருபோதும் காரணத்திற்கு முந்தி வராது. இந்த எளிய உண்மையே இரண்டையும் பிணைக்கிறது. குரோனிக் 1926-லும் கிராமர்ஸ் 1927-லும் ஒளியியலுக்காகக் கண்ட தொடர்புகள் இங்கும் பொருந்துகின்றன. சேமிப்புக் குணகம் செங்குத்தாக ஏறும் இடத்தில் இழப்புக் குணகமும் பெரிதாக இருந்தாக வேண்டும்.

மேக்ஸ்வெல் மாதிரியை எடுத்துக்கொள்வோம். குணகம் 1000 பாஸ்கல், தளர்வு நேரம் 1 வினாடி என்போம். கோண அதிர்வெண் வினாடிக்கு 0.1 ரேடியன் எனில் சேமிப்பு 9.9, இழப்பு 99. அதிர்வெண் 1 எனில் இரண்டும் 500. அதிர்வெண் 10 எனில் சேமிப்பு 990, இழப்பு 99. சேமிப்பு வேகமாக ஏறும் நடுப்பகுதியில்தான் இழப்பு உச்சம் தொடுகிறது.

இப்போது கருவியின் சுழலும் பகுதிக்கு உள்ள நிலைமத்தைச் சரியாகக் கழிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிழை சேமிப்புக் குணகத்தை மட்டும், அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப மாற்றும், இழப்பைத் தொடாது. பிணைப்பு அறுந்துவிடும், பிழை வெளிப்படும். மாதிரி உலர்ந்துவிட்டதா என்றறிய, கடைசியில் முதல் அதிர்வெண்ணுக்குத் திரும்பி மறுபடி அளப்பார்கள். திரிபின் வீச்சை இரட்டிப்பாக்கினாலும் குணகங்கள் மாறாதிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். மாறினால் இந்தத் தொடர்புகளைப் பயன்படுத்தவே முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தட்டுகளின் ஆரத்தைத் தவறாகப் பதிவு செய்தால் இரண்டு எண்களும் ஒரே மடங்கு மாறும்; சோதனையில் அது தெரியாது. முரண்பாடு இருந்தால் எங்கோ பிழை உண்டு என்பது உறுதி. முரண்பாடு இல்லை என்பதாலேயே அளவு சரி என்று ஆகிவிடாது.

இந்தச் சிந்தனையை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர ரியோமீட்டர் வேண்டாம். தொடக்க வகுப்பில் மேசையின் நான்கு பக்கங்களையும் அளந்து கூட்டட்டும்; பிறகு சுற்றிலும் நூல் பிடித்து அளக்கட்டும். மேல்நிலை வகுப்பில் ஸ்டோக்ஸ் முறைச் சோதனையில் இரண்டு ஆரமுள்ள குண்டுகளை விடட்டும். ஆரம் இரு மடங்கானால் முற்றுத்திசைவேகம் நான்கு மடங்காக வேண்டும். ஆகவில்லையெனில், குழாய்ச் சுவர் மிக அருகில் இருந்ததா, முற்றுத்திசைவேகத்தை எட்டும் முன்பே நேரம் எடுத்தோமா என்று தேடட்டும்.

புத்தக விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்றால், பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்பக் கற்றுக்கொள்வார்கள். அழகான பதிவேடு கிடைக்கும், அறிவியல் கிடைக்காது. எனவே செய்முறைப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்போம்: 'என் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? இல்லையெனில் ஏன்?' அந்த வரியை நேர்மையாக எழுதும் மாணவருக்கு, விடை சற்று விலகியிருந்தாலும் மதிப்பெண் கொடுப்போம்.