ஒரு முழு நிமிடம்

பட்டம் பெற்று அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, இவர்களைப் படிக்கவைத்துவிட்டு இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

பல துறைகளுக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குழந்தைகள் வார்டிலேயே இருந்தவன். ஆகவே குழந்தைகள் மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சிக்குச் சேரப்போகிறவர்களிடம்தான் இன்று பேசுகிறேன். மற்றவர்களும் கேளுங்கள்.

நான் பி.ஜி. சேர்ந்து மூன்றாவது வாரம். மழைக்காலம். ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவர்களுடைய அம்மாக்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு தாய் எட்டு மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசி பஸ் போய்விட்டதால் காய்கறி லாரியில் ஏறி வந்திருந்தார். சேலைத் தலைப்பால் குழந்தையின் தலையைப் போர்த்தியிருந்தார்.

“ரெண்டு நாளா சளி சார். ஆனா நேத்துலேருந்து பால் குடிக்கிறப்ப விட்டு விட்டுக் குடிக்குது” என்றார்.

‘சளி, இருமல், இரண்டு நாள்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. சட்டைக்கு மேலேயே பதினைந்து விநாடி பார்த்து, நாலால் பெருக்கி, மூச்சு 40 என்று எழுதிவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் வந்து கூப்பிட்டார். “டாக்டர், கொஞ்சம் வாங்க. அந்தப் பாப்பாவுக்கு விலா உள்ள இழுக்குது.” போய்ச் சட்டையைத் தூக்கினேன். அழுது ஓய்ந்து அம்மா மடியில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பக்கம் குழி விழுந்து எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 68. ஆக்சிஜன் வைத்தோம், ஊசி மருந்து ஆரம்பித்தோம். எட்டாம் நாள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள். பிழைத்தாள், ஆனால் பிழைக்க வைத்தது சிஸ்டரின் கண், என் கண் அல்ல.

விட்டு விட்டுக் குடிக்குது என்று அந்த அம்மா சொன்னாரே, நோய் என்னவென்பது அதிலேயே இருந்தது. மூச்சு வாங்குகிற குழந்தையால் தொடர்ந்து உறிஞ்ச முடியாது. நாலு மடக்கு குடிக்கும், வாயை எடுக்கும், மூச்சு விடும், மறுபடி குடிக்கும். ஸ்டெதஸ்கோப் இல்லாமலே அவர் அதைக் கண்டு சொல்லிவிட்டார். நான் அதை எழுதக்கூட இல்லை.

காலையில் எங்கள் சீஃப் வந்தார். என்னுடைய 40-ஐயும் அதற்குக் கீழே இருந்த 68-ஐயும் பார்த்தார். திட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழந்தைக்கு அருகே குனிந்து நின்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எண்ணிக்கையைச் சொன்னார், எழுதிக்கொண்டோம். அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் ஒரு நிமிடம். அப்படியே நாற்பது குழந்தைகள். ரவுண்ட்ஸ் முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அவர் ஓய்வுபெறும்வரை அப்படித்தான்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. இது உங்கள் எல்லாருக்கும் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே இல்லாத இடத்தில், ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியர்கூட நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த எண்கள் இவை. ஆனால் எண்ணுவது எப்படி என்று யாரும் உங்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்காதீர்கள். தூங்கினால் எழுப்பாதீர்கள். அழுதால் காத்திருங்கள். சட்டையை மெதுவாக மேலே தூக்குங்கள். உங்கள் கை ஜில்லென்று இருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு முழு அறுபது விநாடி. பச்சிளம் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. வேகமாக ஓடும், சில விநாடி நின்றுகூடப் போகும், மறுபடி ஓடும். பதினைந்து விநாடியில் எதைப் பார்த்தோமோ அதை நாலால் பெருக்கினால் பிழையும் நாலு மடங்காகும். சிசுவுக்கு 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள்.

இப்போது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. அருமையான கருவி, எனக்கும் அது வேண்டும். ஆனால் நிமிடத்துக்கு 65 முறை மூச்சிழுத்துக் களைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் அது 96 காட்டலாம். அந்த 96-ஐத் தக்கவைக்கக் குழந்தை என்ன பாடு படுகிறது என்பதை விலாவைப் பார்த்தால்தான் தெரியும்.

2019-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,000 குழந்தைகளை நிமோனியா கொண்டுபோயிற்று. நம் நாட்டில் 1971-இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் சாலையும் 108 வண்டியும் பெண்கல்வியும் சேர்ந்து செய்த வேலை இது, பெருமைப்படுகிறேன். ஆனாலும் அந்த 13 என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம், அதில் எத்தனை குழந்தைகளின் அம்மா ஏதோ ஒன்றைச் சொல்லி, யாரோ ஒருவர் எழுதாமல் விட்டிருப்பார் என்றுதான் என் மனம் போகிறது.

அம்மாக்களை நம்புவது பற்றி இன்னொரு கதை உண்டு. விடுதியில் நாங்கள் படித்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. இரவு இரண்டு மணிக்கு டீக்கடை வரை நடந்து, திரும்பும்போது உப்புச் சர்க்கரைக் கரைசலின் கணக்கை ஒருவருக்கொருவர் ஒப்பிப்போம். உப்பு எத்தனை கிராம், குளுக்கோஸ் எத்தனை கிராம், மொத்தச் செறிவு 311. அது 245 ஆகக் குறைக்கப்பட்டது பிற்பாடு. கிராம் தவறாமல் ஒப்பித்த எங்களுக்கு, அந்தக் கரைசலின் கதையை யாரும் சொல்லவில்லை. நான் பேராசிரியரான பிறகுதான் படித்தேன்.

1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா. நோயாளிகள் தரையில் வரிசையாகக் கிடக்கிறார்கள். ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மகலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். மருத்துவர்களும் செவிலியர்களும் போதவில்லை. கொடுத்தது யார்? பக்கத்தில் இருந்த அம்மாக்களும் அக்காக்களும் கணவன்மார்களும்தான். 30 விழுக்காட்டை நெருங்கிய சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் 2023-இல், மறைவுக்குப் பின் வந்தது. கரைசலைக் கண்டு நாம் வியக்கிறோம். ஒரு டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்து “நீ கொடும்மா” என்று நம்பிச் சொன்னாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கை நம் ஓ.பி.யில் சுலபமாக உடைந்துபோகிறது. குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று வருகிற தாய், இங்கே வருவதற்கு முன் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போயிருப்பார். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தொக்கம் எடுப்பது ஆபத்து, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டும் இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கிய அம்மா அடுத்த முறை அதைச் சொல்லமாட்டார். ஒருவேளை அடுத்த முறை தாமதமாக வருவார். முதலில் “எத்தனை தடவை போச்சும்மா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்” என்று கேளுங்கள். ஒரு டம்ளர் கரைசலைக் கையில் கொடுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழந்தை கண் விழித்துப் பார்த்த பிறகு, அந்த அம்மாவின் முகம் தெளிந்த பிறகு, தொக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். அப்போது சொன்னால் காதில் ஏறும். அவர் ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொல்வார்.

அடுத்த வாரம் உங்களில் சிலருக்கு முதல் இரவு டியூட்டி. விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனை எடுத்தால் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. இரவில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். சிஸ்டர் கூப்பிட்டால் உடனே எழுந்து போங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும், பின்வரிசையில் இருக்கிற உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். சின்ன வயதில் எனக்கு என்ன காய்ச்சல் வந்தது, எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய் என்று கேளுங்கள். எந்த மாதம், இரவு எத்தனை மணி, எந்த பஸ், டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் எத்தனை வாய் கஞ்சி குடித்தீர்கள் எல்லாம் சொல்வார். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள்.