சாட்செல் பேஜ்: ஏட்டில் ஏறாத ஆட்டங்கள்



அமெரிக்க ஐக்கிய நாட்டு ஜனங்கள் பேஸ்பால் ஆட்டத்துக்கு எழுதி வைத்திருக்கும் கணக்குகளைப் பார்த்தால், ஒரு ராஜாங்கத்தின் வரவு செலவுகூட அவ்வளவு சிரத்தையாக எழுதப்பட்டிருக்குமா என்ற சந்தேகம் வரும். அப்படிப்பட்ட தேசத்தில், பந்தெறியும் கலையில் தலைசிறந்தவர்களுள் ஒருவரென்று எதிரணியினரே ஒப்புக்கொண்ட ஒரு மனிதர், தம் ஆயுளில் மொத்தம் எத்தனை ஆட்டங்களில் ஜயித்தார் என்பதற்கு நிச்சயமான கணக்கு இல்லை. அவர் கறுப்பராகப் பிறந்ததுதான் அதற்குக் காரணம்.

லெராய் ராபர்ட் பேஜ் என்ற அவர், அலபாமா மாகாணத்து மொபீல் துறைமுகப் பட்டணத்தில், 1906ஆம் வருஷம் ஜூலை 7ஆம் தேதி, ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ரயில் நிலையத்தில் பிரயாணிகளின் பைகளைச் சுமந்து காசு சம்பாதித்த சிறுவனுக்கு, பை என்று பொருள்படும் ‘சாட்செல்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதில் சில்லறைத் திருட்டுக்காக மௌண்ட் மெய்க்ஸ் என்ற ஊரின் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே கழித்த ஐந்தாண்டுகளில்தான், ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில், நீண்ட கையையும் காலையும் வீசிப் பந்தெறியும் வித்தை அவருக்குக் கைவந்தது.

பேஸ்பாலில், கிரிக்கெட்டைப் போலப் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. அறுபதரை அடி தூரத்திலிருந்து பிட்ச்சர் எறியும் பந்து, பதினேழே அங்குல அகலமுள்ள ஒரு தட்டின் மேலாக, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பறந்து செல்ல வேண்டும். பேஜோ அந்தத் தட்டுக்குப் பதிலாகச் சூயிங் கம் சுற்றிய காகிதம் ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேலாகவே பந்துகளை அனுப்பிப் பயிற்சி செய்வார் என்று உடன் ஆடியவர்கள் சொல்லிவந்தார்கள். காட்சி ஆட்டங்களில், வெளி மைதானத்தில் நிற்கும் தம் கட்சிக்காரர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே வந்த மட்டைக்காரர்களைத் தாம் ஒருவராகவே வெளியேற்றி அனுப்பிய விருத்தாந்தங்களும் உண்டு. இதை வெறும் கோமாளித்தனமென்று சிரித்தவர்கள் பலர். ஜனங்களை மைதானத்துக்கு இழுக்காவிட்டால் மறுநாள் சாப்பாடு இல்லை என்ற நிலையில் இருந்த ஒரு தொழிலாளியின் சாமர்த்தியமென்றே எனக்கு அது தோன்றுகிறது.

ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஓர் உடன்பாட்டின்படி, நாட்டின் தலைசிறந்த அணிகள் மோதிய பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. அவர்கள் தமக்கென நடத்திய நீக்ரோ லீக்குகளில், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ், கான்ஸஸ் சிட்டி மானர்க்ஸ் முதலிய அணிகளுக்கு பேஜ் ஆடினார். இடையிடையே வடக்கு டக்கோட்டாவின் பிஸ்மார்க் நகரத்துக்கும், 1937இல் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் தாங்கிய அணிக்காக டொமினிக்கன் குடியரசுக்கும் போனார். ஒப்பந்தத்தை மதியாமல் அதிகப் பணம் கொடுத்தவரிடம் ஓடினார் என்று முதலாளிகள் குறை கூறினார்கள். தகுதிக்குரிய வாசலைச் சாத்திவைத்த ஒரு தொழிலில், விசுவாசத்தை மட்டும் அவரிடம் எதிர்பார்த்தது எந்த விதத்தில் நியாயமோ தெரியவில்லை.

1947ஆம் வருஷம், மானர்க்ஸில் அவரோடு ஆடியிருந்த ஜாக்கி ராபின்ஸன் அந்த வாசலைத் திறந்துகொண்டு நுழைந்தபோது, முதல் ஆளாகத் தம்மை அழைக்கவில்லையே என்ற வருத்தம் பேஜுக்கு இருந்தது. மறு வருஷம், சரியாகத் தம் நாற்பத்திரண்டாம் பிறந்த நாளன்று, பெரிய லீக்கின் கிளீவ்லண்ட் அணியில் கையெழுத்திட்டார். கிழவரைக் கொண்டு வேடிக்கை காட்டுகிறார்களென்று விளையாட்டுப் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்தது. அவரோ அந்தப் பருவத்தில் ஆறு வெற்றிகளும் ஒரே தோல்வியும் கண்டார். ஆகஸ்டு மாதத்தில் அவர் எறிந்த ஓர் ஆட்டத்துக்கு எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் திரண்டார்கள். அவ்வருஷம், பெரிய லீக்குகளின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பரும் அவரே ஆனார்.

வயதைக் கேட்பவர்களிடம், தம் பிறந்த தேதி குறித்திருந்த குடும்ப பைபிளை ஆடு தின்றுவிட்டதென்பார். 1965இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், கான்ஸஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணி அவரை ஓர் ஆடும் நாற்காலியில் உட்கார்த்தி, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்திக் கேலிக்கூத்தாக்கியது. மைதானத்தில் இறங்கியவர், மூன்று இன்னிங்ஸில் பாஸ்டன் அணிக்கு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை.

1971இல் கூப்பர்ஸ்டௌனிலுள்ள பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் அவரைச் சேர்க்க முன்வந்தவர்கள், முதலில் நீக்ரோ லீக் வீரர்களுக்கென்று தனிப் பகுதி ஒன்றை ஒதுக்க உத்தேசித்து, ஜனங்களின் கண்டனத்துக்குப் பிறகே மற்றவர்களோடு சமமாக இடம் கொடுத்தார்கள். 1982இல் அவர் காலமானார். பெரிய லீக்கின் பழைய ஏட்டில் அவர் பெயரில் இருந்தவை 28 வெற்றிகள்தாம். 2020ஆம் வருஷக் கடைசியில் நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அங்கீகரிக்கப்பட்டு, அந்த ஆட்டங்களின் கணக்கும் பிற்பாடு அந்த ஏட்டில் சேர்ந்தது. ஆனால் பிஸ்மார்க்கில் எறிந்ததும், டொமினிக்கன் குடியரசில் எறிந்ததும், இலையுதிர்காலந்தோறும் டிஸ்ஸி டீன், பாப் ஃபெல்லர் முதலிய வெள்ளை வீரர்களின் அணிகளை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று எறிந்ததும் லீக் ஆட்டங்கள் அல்லவாதலால், அவை இன்றைக்கும் அதில் இல்லை.