தெளிந்த நீரும் தூய நீரும்





வுழூவுக்கான நீரின் நிறம், மணம், சுவை மாறியிருக்கின்றதா எனக் கவனிக்கப் பழகியவர்கள் நாம். ஆனால் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலே போதுமென்று விட்டுவிடுகின்றோம். கிழக்குக் கரையோர மணற்பாங்கான ஊர்களில் வளவுகள் சிறியவை. கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்துவிடுகின்றன. அக்கிணற்று நீர் பளிங்குபோல் தோன்றலாம். வயிற்றோட்டத்தைத் தரும் கிருமி கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1892ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கொலரா பரவி எண்ணாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் விநியோகித்தது. அதனை ஒட்டிய அல்தோனாவோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹம்பேர்க்கின் கழிவும் கலந்த நீரையே எடுத்தது. எனினும் மணலில் வடித்து வழங்கியது. அங்கு நோய் மிகக் குறைவு. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்தில் நோய், மறுபக்கத்தில் சுகம்!

அதே முறையை வீட்டளவில் அமைக்கலாம். உயரமான சீமெந்துத் தொட்டியோ பிளாஸ்ரிக் பீப்பாயோ போதும். அடியில் சரளைக் கல், அதன்மேல் சிறு கல், அதற்கும் மேல் அரித்துக் கழுவிய நுண்மணல் சுமார் 50 சென்ரிமீற்றர். கடல் மணல் வேண்டாம். அடியிலிருந்து புறப்படும் குழாய் வெளிப்புறமாக மேலேறி, மணல் மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் உயரத்தில் வாய் திறக்க வேண்டும். இந்த அளவில்தான் சூட்சுமம் உள்ளது. நீர் ஊற்றாத வேளையிலும் மணலின்மேல் அவ்வளவு நீர் தங்கும். மணலின் மேற்பரப்பில் உருவாகும் உயிர்ப்படை கிருமிகளை உண்டு அழிக்கின்றது. அது காய்ந்தாலும் இறக்கும், ஆழ்நீரில் காற்றின்றியும் இறக்கும். அப்படை முதிர இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். அவசரக்காரருக்கு இவ்வடிகட்டி பொருந்தாது! ஊற்றும் நீர் படையைக் கலைக்காதிருக்கத் துளையிட்ட தட்டொன்றை மேலே வையுங்கள். ஒரு லீற்றர் வடிய இரண்டரை நிமிடமாவது எடுக்க வேண்டும். விரைந்து ஓடினால் மணல் பருமனானது என்று பொருள்.

குளோரின் கலந்த நீரை இதில் ஊற்றாதீர்கள்; உயிர்ப்படை அழிந்துவிடும். வடித்த பின்னரே குளோரின் இடுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் சேமியுங்கள். கைவிட்டு மொள்ளும் வீட்டில் வடித்த பயன் வீணாகும்.

இளைஞர்களே, ஒரு கிண்ணப் போட்டிக்குச் சேர்க்கும் பணத்தில் உங்கள் மஹல்லாவின் மத்ரஸாவுக்கு இதனை அமைத்துக் கொடுக்க முடியாதா?

ஒன்றை மறைக்கலாகாது. மணல் உப்பை அகற்றாது. 2004 சுனாமியில் உவர்ப்பாகிய கிணறுகளுக்கு இது மருந்தாகியிராது. வடமத்திய மாகாணத்தின் புளோரைட்டையும் இது நீக்காது. மலக்குழியிலிருந்து கசியும் நைத்திரேற்று வடித்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அது கைக்குழந்தைக்கு ஆபத்தானது. ஆகவே பால்மா கரைக்கும் தாய்மார் கிணற்று நீரை முதலில் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம்.