பாலை நாட்டில் கார்ப் பயணம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வேலை பார்க்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் கேமரன் மலைக்குப் போனார்கள், பினாங்குக்குப் போனார்கள், பிறகு தாய்லாந்து எல்லையையும் தாண்டினார்கள். இப்பொழுது சில இளைஞர்கள் ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீபியாவுக்குப் போய், வாடகைக்குக் கார் எடுத்து, தாங்களே ஓட்டிச் சுற்றிவரத் திட்டமிடுகிறார்கள். பெற்றோருக்கு இதைக் கேட்டதும் வயிறு கலங்குகிறது. "சிங்கம் புலி இருக்கிற இடமாமே? குடிக்கத் தண்ணியே கிடைக்காதாமே?" என்று எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வந்து கேட்கிறார்கள்.

புலி ஆப்பிரிக்காவில் இல்லை. சிங்கம் உண்டு, ஆனால் காருக்குள் இருப்பவரை அது திரும்பியும் பார்ப்பதில்லை. தண்ணீரைக் கையோடு கொண்டுபோய்விடலாம். பெற்றோர் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. அந்த நாட்டுச் சாலையில் கிடக்கும் கூழாங்கல்லுக்கும், அதன்மேல் அவசரமாகப் போகும் காலுக்கும்தான் அஞ்ச வேண்டும். அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்கு நேரும் விபத்துகளில் பல, எதிரே வேறு வண்டியே இல்லாத இடத்தில், கார் தானாக உருண்டு நேர்பவை. ஆகவே இன்று நாம் அந்தப் பயணத்திற்கான கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில் நாட்டின் அளவு. நமீபியாவின் பரப்பு ஏறக்குறைய 8,25,000 சதுர கிலோமீட்டர்; நம் மலேசியாவைப் போல இரண்டரை மடங்கு. மக்களோ 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 30 இலட்சம் பேர்தாம். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகிற தூரத்தில் நாம் எத்தனை ஊர், எத்தனை எண்ணெய் நிலையம், எத்தனை சாப்பாட்டுக் கடை பார்க்கிறோம்! அங்கே அதே தூரத்தில் ஒரே ஒரு நிலையம் இருந்தாலும் இருக்கும். தலைநகர் விண்ட்ஹுக் நடுவே இருக்கிறது. மேற்கே கடலோரமாக நமீப் பாலைவனம் நீண்டு கிடக்கிறது. கடலில் பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து, மழையாகாமல் மூடுபனியாகக் கரையேறுகிறது. கடலுக்குப் பக்கத்திலேயே பாலைவனம் இருப்பதன் காரணங்களுள் இது ஒன்று. அந்தப் பனியின் ஈரத்தை உடம்பில் பிடித்துக் குடிக்கும் வண்டும் அங்கே உண்டு. இரண்டே இலைகளுடன் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வாழும் வெல்விட்சியா என்ற செடியும் உண்டு. பிள்ளைகள் ஆசைப்படுவதில் வியப்பில்லை.

இனிச் சாலைக்கு வருவோம். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அது ஒரு வசதி. பெரிய நகரங்களை இணைக்கும் தார்ச்சாலைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நாட்டுச் சாலைகளில் பெரும்பகுதி தார் காணாதவை, சரளைக்கல் பரப்பியவை. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிப் பழகிய பட்டணத்துப் பிள்ளைக்கு இது புதிது. தோட்டத்துச் செம்மண் சடக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய அப்பாவுக்குப் புதிதன்று. மழை விட்ட மறுநாள் செம்பனை ஏற்றிய லோரி போன சடக்கில் திடீரென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பையன் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றே நாங்கள் சொல்வோம்.

சரளைக்கல் டயருக்கடியில் கோலிக்குண்டுபோல் உருள்கிறது. அதனால் டயர் தரையைப் பற்றுவதில்லை. பிரேக்கை மிதித்தால் தார்ச்சாலையைவிட வெகுதூரம் சென்றே வண்டி நிற்கும். வண்டியின் பின்பக்கம் சற்றே விலகியதும் புதியவர் பதறி, ஸ்டியரிங்கை மறுபக்கம் வெட்டித் திருப்புகிறார். உயரமான வண்டி அந்தக் கணத்தில் கவிழ்கிறது. செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது: ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் நேராக வைத்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடவேண்டும். சரளைச் சாலையில் சட்டம் 100 கிலோமீட்டர் வரை அனுமதித்தாலும், வாடகைக் கார் நிறுவனங்கள் பல 80க்கு மேல் போகக்கூடாது என்கின்றன. முதல் இரண்டு நாளுக்கு 60 போதும். எதிரே வண்டி வந்தால் புழுதி மண்டிச் சில விநாடி ஒன்றும் தெரியாது. ஆகவே பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஒதுங்க வேண்டும். பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் போடவேண்டும். வண்டி கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுபவர் அவர்தாம்.

டயரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கூரிய கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். ஒன்றுக்கு இரண்டு உபரிச் சக்கரம் கேட்டு வாங்க வேண்டும். அவற்றை மாற்றத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது இருந்தால் போதாது, இருவர் வேண்டும். புறப்படும் முன் தோட்டத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பல கையால் கியர் மாற்றுபவை. நம் பிள்ளைகள் பலருக்கோ ஆட்டோ கியருக்கு மட்டுமே உரிமம் இருக்கிறது. அப்படியானால் ஆட்டோ வண்டியை முன்பே சொல்லிவைக்க வேண்டும். இல்லையேல் முழு உரிமம் எடுத்துப் பழக வேண்டும். நம் உரிமத்தோடு ஜே.பி.ஜே. வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. டிக்கெட் வாங்கும் முன் நமீபியத் தூதரகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்பொழுது கணக்கு. இளைஞர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் எப்படி இருக்கிறது? பத்து நாள், வடக்கே எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, தெற்கே மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மணலில் புதைந்த வைரச் சுரங்க ஊரான கோல்மன்ஸ்கோப், மேற்கே மணற்குன்றுகள், கடற்கரை, எலும்புக்கூட்டுக் கரை என்று எல்லாம் அதில் இருக்கும். வரைபடத்தில் எல்லாம் ஒரு சாண் தூரம்தான். ஆனால் சரளைச் சாலையில், நின்று நின்று போனால், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சராசரி கிடைக்காது. 350 கிலோமீட்டர் என்றால் ஓட்டம் மட்டும் ஆறு மணி நேரம். எண்ணெய் ஊற்ற, சாப்பிட, படம் எடுக்க இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பது காலை ஏழரை வாக்கில். மறைவது மாலை ஆறேகால் வாக்கில். நம் ஊரில் ஏழேகாலுக்கும் வெளிச்சம் இருக்கிற பழக்கத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் ஓட்டவே கூடாது. குடு என்னும் பெரிய மான் விளக்கைக் கண்டு குறுக்கே பாயும். மாட்டை மோதுவதும் அதை மோதுவதும் ஒன்றுதான். ஆகவே காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நாலு மணிக்குள் போய்ச் சேரக்கூடிய தூரமே ஒரு நாளைய தூரம். பெரட்டுக்கு விடியுமுன் எழுந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலையில் கிளம்புவது கஷ்டமா என்ன?

இந்தக் கணக்கில் போட்டால் தெற்கு முழுவதும் கழிந்துவிடும். மீன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கே விண்ட்ஹுக்கிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். கழிந்தால் கழியட்டும். மீதி இருப்பதே நிறைவான பயணம். முதல் நாள் விண்ட்ஹுக்கில் தூங்க வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு வண்டியில் ஏறுவது முட்டாள்தனம். மறுநாள் செஸ்ரீம், ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதற்கடுத்த நாள் விடியற்காலை சொசுஸ்ஃப்ளே மணற்குன்றுகள். 300 மீட்டருக்கும் உயர்ந்த செந்நிற மணல் மலைகள் அங்கே உண்டு. வழியில் 60 கிலோமீட்டர் தார்; கடைசி 5 கிலோமீட்டர் புதைமணல். அங்கே டயரில் காற்றைக் குறைத்து ஓட்டத் தெரியாதவர்கள் பிடிவாதம் பிடிக்காமல், ஆள் ஏற்றிச் செல்லும் வண்டியில் போகலாம்.

பிறகு மகர ரேகையைக் கடந்து, கடற்கரை நகரமான ஸ்வாகோப்முண்ட். இந்த வழியில்தான் எண்ணெய்க் கணக்கு முக்கியம். சொலிட்டேர் என்ற சிற்றூரில் நிலையம் இருக்கிறது. அதை விட்டால் வால்விஸ் பே வரை சுமார் 230 கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்று வைத்தால் 28 லிட்டர் வேண்டும். வழி தவறித் திரும்ப நேர்ந்தால்? அதனால் பாதித் தொட்டி குறைந்ததும் நிரப்புவது என்பதே அங்குள்ள பழக்கம். அட்டை எடுக்காத இடமும் உண்டு. கையில் ரொக்கம் வேண்டும். தண்ணீரும் அப்படியே. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், நால்வருக்கு 20, இரண்டு நாளுக்கு 40 லிட்டர் எப்பொழுதும் வண்டியில் இருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அதன் நிழலிலேயே காத்திருக்க வேண்டும், உதவி தேடி நடக்கக் கூடாது. வண்டி தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், மனிதன் தெரியமாட்டான்.

வால்விஸ் பே நம் கிள்ளான் துறைமுகம் போன்ற ஆழ்கடல் துறைமுகம். நாடு 1990 மார்ச் 21இல் சுதந்திரம் அடைந்தபோதும் இந்த ஊர் மட்டும் தென்னாப்பிரிக்காவின் கையில் இருந்தது. 1994இல்தான் திரும்பக் கிடைத்தது. தோட்டத்து மக்கள் இங்கே சற்று நின்று நினைக்க ஒரு செய்தி உண்டு. தென்னாப்பிரிக்க ஆட்சியில் வடக்கிலிருந்து ஓவாம்போ ஆண்களை ஒப்பந்தத்தில் பிடித்து, சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் மீன் ஆலைக்கும் அனுப்பினார்கள். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. 1971 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி ஊர் திரும்பினார்கள். நம் முன்னோர் ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் இந்த நாட்டுக்கு வந்த கதை தெரிந்த பிள்ளை, அந்த ஊரை வெறும் படமெடுக்கும் இடமாகப் பார்க்கமாட்டான். ஸ்வாகோப்முண்டிலுள்ள அழகான ஜெர்மானியக் கட்டடங்களுக்குப் பின்னாலும் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் கொன்று குவிக்கப்பட்ட வரலாறு இருக்கிறது. 2021இல் ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது.

அங்கிருந்து எட்டோஷா ஏறக்குறைய 500 கிலோமீட்டர்; பெரும்பகுதி தார். ஆனாலும் இடையில் ஓர் இரவு தங்குவது நலம். பூங்காவின் கதவு சூரியனோடு திறந்து சூரியனோடு மூடும்; அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. ஒக்காக்குவேயோ முகாமில் இரவு விளக்கு போட்ட நீர்நிலை ஒன்று இருக்கிறது. பேசாமல் உட்கார்ந்தால் யானையும் காண்டாமிருகமும் தாமே வரும். பிறகு விண்ட்ஹுக் 435 கிலோமீட்டர், தார்ச்சாலை. மொத்தம் 1,800 கிலோமீட்டர் அளவில் முடியும்.

மே முதல் அக்டோபர் வரை மழை இல்லாத காலம். ஜூன், ஜூலை இரவுகளில் பாலையில் குளிர் உறைநிலையைத் தொடும். கம்பளிச் சட்டை இல்லாமல் போகக்கூடாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் போனால் காய்ந்த ஆறுகளில் திடீர் வெள்ளம் வரும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்கள் மிதந்ததைக் கண்ட நமக்கு, ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதே என்று சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி: வாடகை ஒப்பந்தத்தில் காப்புறுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மணல் சேதம், வேறு வண்டி சம்பந்தப்படாமல் கவிழ்வது ஆகியவற்றை விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. மலிவான வாடகையைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டால், ஒரு கல்லுக்காகப் பல மாதச் சம்பளம் போகும். முழுக் காப்புறுதிக்குக் காசு போதவில்லையென்றால் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடலாம். அப்பாவின் சேமநிதிப் பணத்தைத் தொடவேண்டா.

புறப்படும் நாளில் வீட்டில் ஒரு தாள் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், அதன் தொலைபேசி எண், போகும் சாலையின் எண், விமான விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டியின் எண்ணையும் வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணையும் அங்கே போய்ச் சேர்ந்ததும் அனுப்பட்டும். வழியில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. பகலெல்லாம் பதில் இல்லை என்று பதற வேண்டா. அங்கே மாலை நாலு மணி என்றால் இங்கே இரவு பத்து. சேர்ந்துவிட்டோம் என்ற செய்தி பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வரவேண்டும். வரவில்லையென்றால் பிள்ளையின் எண்ணையே திரும்பத் திரும்ப அடிக்காமல், தாளில் உள்ள தங்குமிடத்தை முதலில் கூப்பிடுங்கள். அடுத்து வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஆங்கிலம் பேசத் தயக்கமாக இருந்தால், பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளை ஒன்றிடம் இப்பொழுதே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.