கடலை எண்ணுகிறவர்கள் கரையை எண்ணுவார்களா?

(உலக மீனவர் நாளையொட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மீன்வளத் தரவு சேகரிப்பில் எல்லை தாண்டிய ஒத்துழைப்பும் அதற்கான நிதியும்'. கேட்டதும் கொட்டாவி வருகிற தலைப்புதான். சாதி ஒழிப்பு பேசுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வெளியே ஒரு தோழர் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

என் அம்மா கருவாடு விற்றவர். தொண்டிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் சேரி. விடிவதற்கு முன்பே கூடையோடு கரைக்குப் போவார். ஏலத்தில் முன்னால் நிற்க முடியாது. மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சுகிற சூடையும் காரலும்தான் அவருக்கு. அதை உப்பிட்டுக் காயவைத்து ஊர் ஊராக விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பாதியாகிவிடும். ஒருமுறை நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "நீ மீனவப் பெண் இல்லையே, உன் ஊர் மீனவக் கிராமப் பட்டியலில் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் மீனைத் தலையில் சுமந்தவர் மீன் தொழிலின் கணக்கில் இல்லை. அதனால்தான் எண்ணுவது என்கிற வேலை எனக்கு வறட்சியானதாகத் தெரிவதில்லை.

சரி, மீனை எப்படி எண்ணுகிறார்கள்? இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947ல் தொடங்கினார்கள், ஆரம்பகாலத்தில் நம் மண்டபம் முகாமில்தான் தலைமையகம் இருந்தது. 1971ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. நாடு முழுக்க உள்ள இறங்குதளங்களில் எல்லா நாளும் எல்லாப் படகையும் எண்ண முடியாது. எனவே சில தளங்கள், சில நாட்கள், சில படகுகள் என்று மாதிரி எடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். அறிவியல்பூர்வமான நல்ல முறைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. இலங்கையில் இதே வேலையை மீன்வளத் திணைக்களமும், நாரா என்கிற ஆராய்ச்சி நிறுவனமும் செய்கின்றன.

சிக்கல் பாக் விரிகுடாவில் வருகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். 1974ல் இரண்டு அரசுகளும் அதன் நடுவே கோடு போட்டன. இறாலுக்கும் நண்டுக்கும் அந்தக் கோடு தெரியாது. ஆனால் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும். மீன் எந்தக் கடலில் பிடிபட்டாலும் எந்தக் கரையில் இறங்குகிறதோ அந்தக் கரையின் கணக்கில்தான் ஏறும். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? சொன்னால் அது எல்லை தாண்டிய குற்றம். அதனால் நெடுந்தீவுக்குப் பக்கத்தில் அள்ளிய இறாலும் ராமேசுவரத்தில் 'தமிழ்நாட்டு உற்பத்தி' ஆகிவிடுகிறது. அந்தப் பக்கம் குறைந்ததை இந்தப் பக்கத்துக் கணக்கு மறைக்கிறது. நம் பக்கத்துக் கடலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் அதே கணக்கில் மறைந்துபோகிறது.

அக்கரையின் நிலை இன்னும் கொடுமை. போருக்கு முன் இலங்கையின் கடல்மீன் உற்பத்தியில் வடக்கு முன்னணியில் இருந்தது. 1983க்குப் பிறகு கடல்வலயத் தடை, இடப்பெயர்வு, உயிரிழப்பு. கால் நூற்றாண்டு காலம் வடக்கு மீனவர் நிம்மதியாகக் கடலுக்குப் போகவில்லை. போகாத கடலில் என்ன கணக்கு எடுப்பார்கள்? 2009க்குப் பிறகு அவர்கள் சிறுவலையோடு திரும்பி வந்தபோது, நம் கரையின் இழுவை மடிகள் அங்கே நின்றன. வலை அறுந்தது. எத்தனை வலை, எவ்வளவு நட்டம் என்று அவர்கள் சொன்னால் 'மிகைப்படுத்துகிறார்கள்' என்கிறோம். நாம் எத்தனை படகு போகிறோம் என்று சொன்னால் 'குறைத்துச் சொல்கிறீர்கள்' என்கிறார்கள் அவர்கள். இரண்டு கரையும் நம்புகிற ஒரு பொதுக் கணக்கு நடுவில் இல்லை.

2010ல் வடக்கு மீனவர்கள் சென்னைக்கு வந்து நம் மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இழுவை மடியை ஓராண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் என்கிற அளவுக்கு உடன்பாடு வந்தது. அரசுகள் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. 2014லும் 2015லும் மறுபடி பேச்சு. 2016ல் இரண்டு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017ல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2018ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைக் கடுமையாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் பேச்சு கைது, படகு, விடுதலை என்பதையே சுற்றுகிறது. இரண்டு கரையிலும் ஒரே நாளில், ஒரே படிவத்தில், ஒன்றாக எண்ணுவோம் என்கிற வேலை பேச்சின் நடுவுக்கு வரவே இல்லை.

இனி நிதிக்கு வருகிறேன். 2017ல் பாக் விரிகுடாவிலிருந்து 2,000 இழுவைப் படகுகளை விலக்கி, ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். ஒரு படகு 80 லட்சம். அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20 விழுக்காடு, மீதி 10 விழுக்காடு உரிமையாளர். அதாவது கையில் எட்டு லட்சமும் தலையில் பதினாறு லட்சம் கடனும். இலக்கின் பக்கத்தில்கூட அந்தத் திட்டம் போகவில்லை. திட்டமே படகு வைத்திருப்பவரை மனத்தில் வைத்துப் போட்டது. அந்தப் படகில் பங்குக்கும் கூலிக்கும் போகிறவர், கரையில் சங்காயத்தைப் பிரிக்கும் பெண், கருவாட்டுக்காரி ஆகியோர் படகு விலகினால் என்ன ஆவார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்? எண்ணாதவர்களுக்கு எப்படி மாற்றுத் தொழில் கொடுப்பீர்கள்?

எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்குப் பணமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1979லேயே ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைச் சென்னையில் தொடங்கியது. சுவீடனும் டென்மார்க்கும் பணம் கொடுத்தன. 2003ல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்து அதை அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாற்றின. அதன் அலுவலகம் இன்றும் சென்னையில்தான் இருக்கிறது. பிறகு எட்டு நாடுகளைச் சேர்த்து இன்னொரு பெருந்திட்டம் வந்தது. இவற்றால் நல்ல வேலைகள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் கொடையாளர் பணத்துக்குக் காலக்கெடு உண்டு, மீன் கணக்குக்குக் கிடையாது. ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தால் அறிக்கை அச்சாகும், வாகனம் திரும்பிப் போகும், கணக்கெடுத்த இளைஞர் வேறு வேலை தேடுவார். இருபது வருடத் தொடர்ச்சி இல்லாத கணக்கு, நடுவில் அறுந்த வலை மாதிரி.

ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளின் நடுவே ஒரு ஏரி. எல்லைச் சண்டை, கைது, படகு பறிப்பு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனாலும் 1994ல் பொது அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 2000லிருந்து, பெருமளவு வெளிக்கொடையின் துணையோடு, மூன்று நாடுகளும் ஒரே முறையில் கரை கரையாகப் போய்ப் படகு, மீனவர், வலை எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். அதனால் ஏரியின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேச உட்காரும்போது மூவர் கையிலும் ஒரே காகிதம் இருக்கும். நம்மிடம் அதுகூட இல்லை. இத்தனைக்கும் இரண்டு கரையும் பேசுவது ஒரே தமிழ்!

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1932ல் வாக்குரிமை பற்றி விசாரிக்க லோதியன் குழு வந்தது. அதுவரை கோடிக்கணக்கில் இருந்த தீண்டப்படாதோர் அப்போது திடீரென்று பல மாகாணங்களில் 'இல்லாமல்' போனார்கள். எண்ணிக்கைக்கு ஏற்ப அதிகாரத்தில் பங்கு தர வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், சாதி இந்துக்கள் எண்ணிக்கையையே குறைத்துக் காட்டினார்கள். அதை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஒருவரை ஒடுக்குவதற்கு அடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை, எண்ணாமல் விட்டாலே போதும்.

கடற்கரையிலும் இதுதான் நடக்கிறது. 'பாரம்பரிய மீனவர் அறிவு', 'சமூக நிர்வாகம்' என்று கருத்தரங்குகளில் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' முறை என்று ஒன்று உண்டு. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறைவைக்கும் ஏற்பாடு. சண்டையில்லாமல் பங்கிடும் அருமையான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். அந்தப் பங்கில் இருளருக்கும் தலித்துகளுக்கும் இடம் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. படகை வைத்தும் வலையை வைத்தும் எண்ணினால் அவர் எப்படிக் கணக்கில் வருவார்? ஐ.நா. நிறுவனமே 2023ல் வெளியிட்ட ஆய்வு, உலகச் சிறுதொழில் மீன்வளத்தில் ஈடுபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள் என்கிறது. அந்த நான்கு பேர் நம் இறங்குதளக் கணக்கில் எங்கே?

எனவே என் நிலைப்பாடு இதுதான். பாக் விரிகுடாவில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும், அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். ஆனால் நிபந்தனையோடு.

ஒன்று, இரண்டு அரசுகளும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். வெளிக்கொடை வந்தால் அது கூடுதலாக இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இரண்டு, மீன் எங்கே பிடிபட்டது என்று சொல்கிறவரின் பெயர் காவல்துறைக்கோ கடற்படைக்கோ போகாது என்று சட்டப்படி உறுதி தர வேண்டும். அது இல்லாமல் எடுக்கும் கணக்கு பொய்க் கணக்கு.

மூன்று, மீனவக் கிராமப் பட்டியலோடு நிற்காமல் தொழிலைப் பின்தொடர்ந்து எண்ண வேண்டும். கூலி, பிரிப்பு, கருவாடு, கூடை வியாபாரம், பாசி எடுப்பு அனைத்தும் வர வேண்டும். சாதியும் பாலினமும் பதிவாக வேண்டும். சாதியைக் கேட்டால் மீனவர் ஒற்றுமை குலையும் என்கிறார்கள். ஏலத்தில் என் அம்மாவைக் கடைசியில் நிறுத்தியபோது குலையாத ஒற்றுமை, படிவத்தில் ஒரு கட்டம் போட்டால் குலைந்துவிடுமா?

நான்கு, கணக்கெடுக்கும் வேலையை இரு கரையிலும் கரையோர இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முறையான ஊதியத்தோடு கொடுக்க வேண்டும்.

ஐந்து, எடுத்த கணக்கு ஆங்கில அறிக்கையாகச் சென்னையிலும் கொழும்பிலும் முடங்கக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் இறங்குதளத்துப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய செலவு என்பார்கள். அந்த 1,600 கோடியில் ஒரு சிறு துண்டு போதும். இதற்கு மனம் வராது. ஏனென்றால் சரியாக எண்ணினால் இழுவை மடியால் யார் சம்பாதித்தார்கள், யார் சிறைக்குப் போனார்கள், அக்கரையில் யார் வலை இழந்தார்கள் என்று தெரிந்துவிடும். சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் படகு முதலாளி இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

என் அம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் விற்ற கருவாடு எத்தனை டன் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அக்கரையில் மன்னாரிலோ பேசாலையிலோ அவரைப் போலவே ஒரு தாய் கூடை சுமந்திருப்பார். அந்த இரண்டு கூடைகளும் ஒரே கணக்கில் ஏறுகிற நாள்தான் இந்தக் கடல் பொதுக்கடல் ஆகிற நாள். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.